மறைப்பு எண் என்னிடம் இருந்தது

என் பெயர் அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் பத்தியில் இருந்தது. துறையின் யுபிஎஸ் பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்கிறவருக்கு அடுத்த பெயர் என்னுடையது. அவருக்கு நன்றி சொன்னதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேட்டரி இல்லாவிட்டால் கணினி ஓடாது, கணினி ஓடாவிட்டால் ஆய்வு நடக்காது. ஆனால் அந்த ஆய்வைச் செய்தவள் நான்.

பெரியார் பேருந்து நிலையத்தில் திருநகர் பேருந்து கிளம்பக் காத்திருந்த நேரத்தில்தான் அதை முதல்முறையாகப் படித்தேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு பெயர். துறையில் எனக்குப் பக்கத்துக் கணினியில் உட்கார்ந்திருந்தவருடையது. என்னைவிட மூத்த ஆய்வு மாணவர், எல்லோருக்கும் அண்ணன். நானும் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பேருந்து பழங்காநத்தம் தாண்டுவதற்குள் இனி என்ன செய்ய வேண்டும் என்பதை மனதுக்குள் வரிசைப்படுத்திவிட்டேன். முதலில், அழக் கூடாது. அடுத்து, சண்டை போடக் கூடாது. அதற்கடுத்து, மறக்கக் கூடாது. நான்காவது என்னவென்று அப்போது தெரியவில்லை. ஆனால் நான்காவதாக ஒன்று இருக்கும் என்று மட்டும் தெரிந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம். நாகமலைப் பக்கம், ஊருக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரியில் இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் துறை வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றோடு சேர்ந்து வேலை செய்தது. அவர்கள் அங்கே துகள்களை மோதவிடுவார்கள். மோதியதில் என்னென்ன சிதறியது என்ற பதிவுகளில் ஒரு பங்கு எங்களுக்கு வரும். ஜன்னலுக்கு வெளியே சமணர் மலை வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, உலகத்தின் வேறொரு மூலையில் உடைந்த துகள்களை நாங்கள் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்போம். வீட்டில் இதை விளக்கச் சொன்னால் சௌராஷ்டிரத்தில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு மாறிவிடுவேன். எந்த மொழியில் சொன்னாலும் அம்மாவின் கேள்வி ஒன்றுதான். எண்ணுவதற்கா இவ்வளவு படிப்பு?

எண்ணுவதற்குத்தான். கனமான துகள் ஒன்று பிறந்த உடனே சிதைந்துவிடும். பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த வழிகளில்தான் சிதையும். மிக அரிதாக வேறொரு வழியில் சிதையும்போது அதிலிருந்து இரண்டு மியூவான்கள் வெளிவரும். மியூவானை எலெக்ட்ரானின் கனத்த உடன்பிறப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அது முன்பக்கம் போகிறதா, பின்பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும். முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை, இரண்டுக்கும் என்ன வித்தியாசம். அதுவரை எல்லாச் சோதனைகளிலும் தேறிவந்த பழைய கோட்பாடு, அந்த வித்தியாசம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டது. நாம் எண்ணுவது அதிலிருந்து விலகினால், இதுவரை யாரும் பார்க்காத ஏதோ ஒரு துகள் நடுவில் கைவைத்திருக்கிறது என்று பொருள். அரிய சிதைவில்தான் இது கண்ணில் படும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் புது ஆள் ஒருவர் நுழைந்தால் யாருக்கும் தெரியாது. ஆளில்லாத தெருவில் நுழைந்தால் தெரியும்.

எண்ணுவதற்கான நிரலை எழுதியது நான். ஒரு பிற்பகலில் விடை வந்தது. மியூவான்கள் போக வேண்டிய பக்கம் போகவில்லை. குறியை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். போடவில்லை. வேறு தவறு இருக்கும் என்று தேடினேன். கிடைக்கவில்லை. கை சில்லிட்டுப் போயிருந்தது. பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன்.

“அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க.”

அவர் நாற்காலியோடு உருண்டு வந்தார். நெடுநேரம் திரையையே பார்த்தார்.

“தங்கச்சி, பெரிய சமாச்சாரமா இருக்கும்போலயே.”

“தப்பாக்கூட இருக்கலாம்ணே.”

“இருக்கலாம். அதுக்குத்தான் சொல்றேன், யாருகிட்டயும் வாயத் திறக்காத. சார்கிட்டகூட இப்பச் சொல்ல வேணாம். நாம ரெண்டு பேரும் உக்காந்து முதல்ல சரிபாப்போம்.”

உட்கார்ந்தோம். ஒவ்வொரு வரியும் எதற்கு என்று கேட்டார், சொன்னேன். எந்தப் பதிவுகளை ஏன் தள்ளினேன் என்று கேட்டார், சொன்னேன். பொறுமையாக, மறுபடி மறுபடி கேட்டார். இப்படி ஒருவர் என் வேலையை அக்கறையாகப் பார்க்கிறாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. அவர் சரிபார்க்கவில்லை, மனப்பாடம் செய்துகொண்டிருந்தார் என்பது பிறகுதான் விளங்கியது.

வெளிநாட்டுக்காரர்களோடு வாராவாரம் ஸ்பீக்கர் போனில் கூட்டம் நடக்கும். ஒரு வாரம் நான் விடுப்பில் இருந்தேன். அத்தை மகளுக்குக் கல்யாணம், அது அவருக்கும் தெரியும். அந்த வாரக் கூட்டத்தில் அவர் பேசினார். நான் திரும்பி வந்தபோது எல்லோரும் அவர் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அறிக்கை வந்தது. அதை எடுத்துக்கொண்டு எங்கள் வழிகாட்டியான பேராசிரியரிடம் போனேன். கெட்டவர் இல்லை. யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர், அதனால் யார் முதலில் வந்து பேசினார்களோ அவர்கள் பக்கம் நிற்கிறவர்.

“அவனுக்கு வயசு ஏறுதும்மா,” என்றார். “வெளிநாட்டுல ஒரு இடம் கெடைச்சாத்தான் பொழைப்பான். உனக்கு நேரம் கெடக்கு.”

“என் பேரு சார்?”

“நன்றியில இருக்குல்ல?”

“இருக்கு சார். பேட்டரிக்குப் பக்கத்துல.”

நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

அந்த விலகல் பிரபலமானது. கோட்பாட்டுக்காரர்கள் அதை விளக்கக் கட்டுரை எழுதினார்கள், இல்லாத துகள்களுக்குப் பெயர் வைத்தார்கள். அண்ணன் வடக்கே இரண்டு மாநாடுகளுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். துறையில் அல்வா கொடுத்தார். டப்பாவை முதலில் என்னிடம்தான் நீட்டினார்.

“எடு தங்கச்சி. உன் உதவி இல்லாம இது நடந்துருக்காது.”

எடுத்தேன், தின்றேன், நல்ல அல்வா என்று சொன்னேன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசினாலும் எனக்குக் கோபம் தமிழில்தான் வரும். அன்று மாலை பேருந்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த எல்லாத் தமிழ் வார்த்தைகளையும் உதடு அசையாமல் அவர்மீது கொட்டினேன். ஓரளவு ஆறியது. முழுதாக ஆறக் கூடாது என்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஆய்விலிருந்து ஒதுங்கிக்கொள்கிறேன், கருவிகளைச் சீர்செய்யும் கணக்குகளை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவர் நிம்மதியடைந்தார். அண்ணனும் அடைந்தார். நான் சமாதானமாகிவிட்டேன் என்று இருவரும் நினைத்தார்கள். காலையில் வணக்கம் வைத்தேன். அவர் கேட்ட கோப்புகளை அன்றன்றே கொடுத்தேன். என் நிரலில் அவருக்குப் புரியாத இடம் வந்தால் விளக்கினேன். அவருக்குப் புரியாத இடங்கள் நிறைய இருந்தன.

அக்கா பிள்ளைக்கு மொட்டை போட அழகர்கோவிலுக்குப் போனோம். மலைக்கு மேலே போய்வந்தோம், அழகரைப் பார்த்தோம், தோசை வாங்கித் தின்றோம். எல்லாம் முடிந்து மற்றவர்கள் வேனில் ஏறியபோது, செருப்பைத் தேடுவதாகச் சொல்லிவிட்டுப் பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னால் போய் நின்றேன். அங்கே சிலை கிடையாது. சந்தனம் பூசிய கதவுதான். வழக்கு உள்ளவர்கள் அங்கேதான் வருவார்கள். பக்கத்தில் ஓர் அம்மாள் கதவைப் பார்த்து உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

“எங் கெணத்துக்குப் போற பாதைய அடைச்சுப்புட்டான். நீ பாத்துக்கிட்டுத்தான இருக்க? கேளு. என்னன்னு கேளு.”

அவர் தெளிவாகக் கேட்டார், நானும் தெளிவாகக் கேட்டேன். அடுத்த தொகுதித் தரவில் மியூவான்கள் பழைய கோட்பாடு சொன்ன பக்கமே போகட்டும். அந்த விலகல் இல்லாமல் போகட்டும். உலகத்தில் இந்தத் துறையில் இருந்த அத்தனை பேரும் புதிய இயற்பியல் வந்துவிடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தபோது, அது வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். மியூவான்கள் போகிற பக்கத்துக்கு ஏற்கனவே போய்விட்டன, பதிவாகியும்விட்டன, இனி கருப்பர் நினைத்தாலும் திருப்ப முடியாது என்பதும் எனக்குத் தெரியும். வேண்டிக்கொள்வதற்கு அது தடையாக இல்லை. நான் ஒழியச் சொன்னது நானே கண்டுபிடித்த ஒன்றை என்பதும் தெரியும். அதுவும் தடையாக இல்லை.

இரண்டாவது தொகுதித் தரவு வந்தது. முதலாவதைவிடப் பல மடங்கு பெரியது. இந்த முறை கூட்டாய்வில் ஒரு விதி வைத்தார்கள். எதைப் பார்க்க ஆசைப்படுகிறோமோ அதுவே கண்ணுக்குத் தெரியும், அதனால் ஆய்வு செய்கிறவரிடமிருந்தே விடையை மறைத்துவைக்க வேண்டும். பரீட்சைத் தாளில் பதிவு எண்ணை மறைத்து டம்மி நம்பர் போடுவதைப் போன்ற ஏற்பாடுதான். கணினி ஓர் எண்ணைத் தானே தேர்ந்தெடுத்து விடையோடு கூட்டிவிடும். ஆய்வு செய்கிறவர் பார்ப்பது கூட்டி வந்த விடையை மட்டுமே. மேலே போயிருக்கிறதா, கீழே போயிருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. எல்லா வேலையையும் முடித்து, இனி எதையும் மாற்ற மாட்டேன் என்று உறுதி சொன்ன பிறகு, எல்லோர் முன்னிலையிலும் அந்த மறைப்பு எண்ணைக் கழிப்பார்கள். என்ன வருகிறதோ அதுதான் முடிவு.

நிரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, ஆய்வில் சேராத ஒருவர் மட்டும் மறைப்பு எண்ணைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவர் அதை யாரிடமும் சொல்லக் கூடாது. மறைத்த விடையை அவரிடமும் யாரும் சொல்லக் கூடாது, இரண்டும் தெரிந்தவருக்கு உண்மை தெரிந்துவிடும் அல்லவா. தப்பித்தவறி யாராவது சொல்லிவிட்டால், அன்றே வெளிநாட்டில் இருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு அவர் தெரிவித்துவிட வேண்டும்.

இந்த விதிகளை நான் முழுதாகப் படித்தேன். அண்ணன் எந்த விதியையும் முழுதாகப் படிக்கிறவர் இல்லை.

“யாரு வச்சுக்கிறீங்க?” என்று பேராசிரியர் கூட்டத்தில் கேட்டார். பெயர் வராத வேலை, யாரும் நிமிரவில்லை.

“நான் வச்சுக்கிறேன் சார்.”

“சரியான ஆளு,” என்றார் அண்ணன். “கொறடு போட்டு இழுத்தாலும் தங்கச்சி வாயிலருந்து ஒரு எழுத்து வராது.”

“வராதுண்ணே,” என்றேன்.

அன்று கணினி எனக்கு மட்டும் காட்டிய எண்ணைப் பார்த்தபோது நான்காவது என்னவென்று தெரிந்தது. சொல்லாமல் இருப்பது.

அடுத்து வந்த மாதங்கள் எனக்கு இனிமையாகப் போயின. அண்ணன் ராப்பகலாக வேலை செய்தார். அதைக் குறை சொல்ல மாட்டேன். மறைத்த விடை அவருக்கு வந்துவிட்டது. செய்முறையையும் உறுதி செய்து அனுப்பிவிட்டார். திறக்கும் நாள் மட்டும் பாக்கி. அதற்குள் வெளிநாட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஆய்வாளர் பணி, தொலைபேசியில் நேர்காணல். விலகல் இரண்டாவது தரவிலும் நின்றால் அவருக்கு அந்த இடம் உறுதி. நிற்காவிட்டால், நேர்காணலுக்குக் கூப்பிடப்பட்ட பலரில் அவரும் ஒருவர். நேர்காணல் முதலில், திறப்பு பிறகு. நடுவில் நான் இருந்தேன்.

அவர் என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருநாள் மின்விசிறியைப் பார்த்தார், ஒருநாள் நாள்காட்டியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, வா, டீ சாப்பிட்டு வருவோம்.”

அத்தனை ஆண்டுகளில் அவர் எனக்கு டீ வாங்கிக்கொடுத்ததில்லை. போனேன். கீழக்குயில்குடிக்குப் பிரிகிற சாலையில் ஒரு கடை. பெஞ்சில் லாரிக்காரர்கள் இருவர் தினத்தாளை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டு தேர்தலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் டீயும் வடையும் வாங்கிக்கொண்டு மரத்தடியில் நின்றோம்.

“எண்ணைச் சொல்ல வேணாம். ஏத்தமா எறக்கமா, அது மட்டும் சொல்லு.”

“அதையும் சொல்லக் கூடாதுண்ணே.”

“தலைய மட்டும் ஆட்டு.”

“ஆட்டுனாலும் சொன்ன மாதிரிதான.”

“நீ என்ன தங்கச்சி, இம்புட்டுக் கறாரா இருக்க. என் பொழப்பு தங்கச்சி இது. அம்மாவுக்கு நான் ஒரே பிள்ள, தெரியும்ல?”

“தெரியும்ணே.”

அவர் வடையைப் பிய்த்து வாயில் போட்டார். திடீரென்று முகம் வெளிச்சமானது.

“சரி, நீ எதுவும் சொல்ல வேணாம். நான் சொல்றேன். மறைச்ச விடைதான, அதுல என்ன ரகசியம் இருக்கு? எனக்கு என்ன வந்துருக்குன்னா…”

இந்த இடத்தில் நான் அவரை நிறுத்தியிருக்கலாம். கையைக் காட்டியிருந்தால் போதும். என் கையில் டீ கிளாஸ் இருந்தது. அதை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் எண்ணைச் சொன்னார். தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதையும் விடாமல் சொன்னார்.

அதிலிருந்து என்னிடம் இருந்த எண்ணைக் கழிப்பதற்கு ஒரு மிடறு நேரம்கூட ஆகவில்லை. விடை பழைய கோட்பாடு சொன்ன இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. விலகல் இல்லை. முதல் தரவில் நான் பார்த்தது, தரவு குறைவாக இருந்ததால் தற்செயலாக ஒரு பக்கம் கூடிவிட்ட எண்ணிக்கை. நாணயத்தைச் சுண்டும்போது அடுத்தடுத்துத் தலையே விழுவதில்லையா, அதுபோல. நான் தவறு செய்யவில்லை. அப்படி எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பிற்பகலில் என் கை சில்லிட்டது எதற்காகவோ, அது இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் சந்தோஷம் வந்தது. ஆனால் பெரிதாக வந்தது. சிரித்தேன்.

அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏய், சிரிக்கிற! நிக்குதுல்ல? நிக்குது!”

“வடை நல்லாருக்குண்ணே.”

“நிக்குது!” என்று தொடையில் தட்டினார். கடைக்காரரைப் பார்த்துக் கத்தினார். “மாப்ள, இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு வடை!”

“என்னண்ணே, லாட்டரியா?” என்றார் கடைக்காரர்.

“அதுக்கும் மேல மாப்ள.”

இரண்டாவது வடையையும் சாப்பிட்டேன். துறைக்குத் திரும்பியதும் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். இன்னார் இன்று என்னிடம் மறைத்த விடையைச் சொல்லிவிட்டார், நான் எதுவும் சொல்லவில்லை. அதில் ஒரு பொய்யும் இல்லை. சிரித்தேன் என்று எழுதவில்லை, விதி கேட்டது யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும்தான். மறுநாள் பதில் வந்தது. செய்முறை ஏற்கனவே உறுதியாகிவிட்டதால் முடிவுக்குப் பாதகம் இல்லை, திறக்கும் நாளில் பேசிக்கொள்வோம், அதுவரை இப்படியே இருக்கட்டும்.

இப்படியே இருந்தேன். நேர்காணல் பேராசிரியரின் அறையில் நடந்தது, அங்கேதான் நல்ல தொலைபேசி இருந்தது. அடுத்த அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். நடுவில் இருந்தது பாதி உயரத் தடுப்புத்தான். அண்ணனின் ஆங்கிலம் நன்றாகவே கேட்டது. முடிவை இப்போது சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் இரண்டாவது தரவிலும் விலகல் நிற்கும் என்று நம்ப எனக்கு வலுவான காரணம் இருக்கிறது என்றார். அந்தக் காரணம் நான். எழுந்து போய்க் கதவைத் தட்டவில்லை. கருவிக் கணக்கில் ஒரு பக்கத்தை முடித்தேன். அன்று அந்தப் பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை.

திறக்கும் நாள் காலை அவர் புதுச் சட்டை போட்டு வந்தார். பேராசிரியர் மேசையில் ஸ்பீக்கர் போன். அதில் ஒருங்கிணைப்பாளரின் குரல். சுவரில் கரும்பலகை. அண்ணன் மறைத்த விடையைப் பெரிய எழுத்தில் எழுதினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எண்ணைச் சொன்னேன். அவர் அதைக் கீழே எழுதினார்.

“நீங்களே கழிச்சிருங்கண்ணே,” என்றேன்.

சாக்பீஸ் வலமிருந்து இடமாக நகர்ந்தது. கடைசி இலக்கத்துக்கு முன்னால் நின்றது. அதையும் எழுதினார். பிறகு திரும்பாமலே நின்றார்.

“எண்ணைத் தப்பாச் சொல்ற.”

“இல்லண்ணே.”

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன். நிரலை எல்லோர் கண் முன்னாலும் ஓட்டினேன். திரையிலும் அதே எண் வந்தது. போனில் அந்தக் குரல் விடை என்ன என்று கேட்டது. பேராசிரியர் பலகையைப் பார்த்துப் படித்தார். பழைய கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது, நன்றி என்றது குரல், ரயில் வரும் நடைமேடையை அறிவிப்பதுபோல.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். அறையில் நான் ஒருத்திதான் அதிராமல் இருந்தேன் போலிருக்கிறது.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் சார். அண்ணன் டீக்கடையில வச்சு மறைச்ச விடையைச் சொன்னாரு. அன்னைக்கே இவங்களுக்கு எழுதிப்போட்டுட்டேன்.”

போனைக் காட்டினேன். பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம், விதிப்படி அன்றே தெரிவித்தார் என்று பதில் வந்தது.

அண்ணன் இப்போதுதான் திரும்பினார். விரலெல்லாம் சாக்பீஸ் தூள்.

“நீ சிரிச்ச,” என்றார். “என்னப் பாத்துச் சிரிச்ச.”

“சிரிக்கக் கூடாதுன்னு விதியில இல்லண்ணே.”

விதியை மீறியவர் இறுதிக் கட்டுரையை எழுதக் கூடாது என்று ஒருங்கிணைப்பாளர் சொல்லிவிட்டார். வேறு யாராவது எழுத வேண்டும். நிரல் யாருடையது என்பது பேராசிரியருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. என்னை எழுதச் சொன்னார். வெளிநாட்டு வேலைக்கான கடிதம் அண்ணனுக்கு வரவில்லை. சிறிய துறை இது, பேச்சு வேகமாகப் பரவும்.

கட்டுரையை ரசித்து எழுதினேன். புதிதாக ஒன்றும் இல்லை என்று சொல்கிற கட்டுரை, யாரும் பாராட்டப் போவதில்லை. அதில் ஒரு வாக்கியத்துக்காக மட்டும் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். முதல் தரவில் இன்னார் கண்டதாக அறிவித்த விலகல் பெரிய தரவில் உறுதிப்படவில்லை. இன்னார் என்ற இடத்தில் முழுப் பெயர்.

“பேரு வேணுமா?” என்று கேட்டார் பேராசிரியர். “முந்தைய முடிவுன்னு பொதுவாப் போட்டாப் போதாதா?”

“அறிவிச்சவங்க பேரைச் சொல்றதுதான சார் வழக்கம்.”

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

அதைப் படித்துவிட்டு அண்ணன் வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார், இந்த முறை உருண்டு வரவில்லை.

“தங்கச்சி, ஒண்ணு கேக்கவா?”

“கேளுங்கண்ணே.”

“அந்த மொத அறிக்கையத் திருத்தி மறுபடி வெளியிடலாம்னு சார் சொல்றாரு. உன் பேரையும் சேத்துரலாம். முன்னால உன் பேரு, பின்னால என் பேரு. அதுதான நியாயம்? கண்டுபிடிச்சதே நீதான.”

“யாரு கண்டுபிடிச்சது?”

“நீதான்.”

“இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே.”

“நீதாம்மா கண்டுபிடிச்ச. நான்தான் எடுத்துக்கிட்டேன். போதுமா?”

இதைக் கேட்பதற்காகத்தான் அவ்வளவு காலம் காத்திருந்தேன். முதல் பக்கம், முதல் பெயர். நான் தலையாட்டினால் இருவரும் சேர்ந்து ஒரு தவறான விலகலைக் கண்டவர்களாக ஆகியிருப்போம். பாதிப் பழி என் மேல் விழும், அவர் மேல் பாதிதான் இருக்கும். முன்பு அந்தப் பெயருக்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். இப்போது அவர் அதை நீட்டிக்கொண்டிருந்தார். நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“இல்லண்ணே,” என்றேன். “அறிக்கையில உங்க பேரு மட்டும்தான இருக்கு. அது உங்களோடதுதான்.”

“உனக்கு இம்புட்டு வன்மமா தங்கச்சி?”

“ஆமாண்ணே.”

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

கட்டுரையை அன்று பிற்பகலே அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் அவருடைய தலைப்பெழுத்து சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.